பிரிக்காத நான்கு கடிதங்கள்

கேள்வி:

அன்புள்ள மேடம்,

வணக்கம். எனக்கு 39 வயது. சொந்த ஊர் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். பல வருடமாக ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இருக்கிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. என் கணவர் அயர்லாந்துக்காரர், மேற்கே மேயோ கவுண்டியில் ஒரு விவசாயக் குடும்பம். 2008-க்குப் பிறகு அங்கே கட்டடத் தொழில் படுத்துவிட்டது. எலக்ட்ரீஷியனான அவருக்கு வேலை இல்லை. 2011-இல் இங்கே வந்தார். 2014-இல் எங்கள் கல்யாணம். எட்டு வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று, இரண்டு பிள்ளைகள். கணவர் பில்பாராவில் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில்.

என் மாமியாரின் கடிதங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். உடனே மாமியார் கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஊரில் பிள்ளைகள் அம்மாவை 'மாமி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டு வழக்கத்தில் மாமியாரும் மாமிதான். அங்கே மருமகள்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம், எனக்கு வாய் வரவில்லை. அதனால் நானும் மாமி என்பேன், அவரும் மாமி என்பார். எனக்கும் மாமிக்கும் பொதுவாக இருப்பது ஏறக்குறைய அந்த ஒரு சொல்தான்.

மாமிக்கு 72 வயது. வாட்ஸ்அப் இருக்கிறது, ஆனால் கட்டைவிரல் படத்தைத் தவிர அதில் எதுவும் அனுப்ப மாட்டார். செய்தியெல்லாம் மாதம் ஒரு கடிதத்தில் வரும். கோடு போட்ட தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருப்பார். வரிசை மாறவே மாறாது. முதலில் மழை. அடுத்து மாடு: எது கன்று ஈன்றது, சைலேஜுக்கு (மாட்டுக்காகப் பதப்படுத்தி வைக்கும் தீவனம்) புல் அறுத்தாயிற்றா, கறுப்பு பிளாஸ்டிக் சுற்றிய உருளைகள் எத்தனை வந்தன. அப்புறம் யார் யார் செத்தார்கள், எந்த இழவு வீட்டில் எவ்வளவு கூட்டம். பிறகு மேயோ கால்பந்து அணி இந்தத் தடவையும் எப்படிக் கோட்டைவிட்டது என்று. (1951-க்குப் பிறகு அகில அயர்லாந்துக் கோப்பையை அவர்கள் ஜெயிக்கவில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு நிரந்தர துக்கம்.) கடைசி வரி எப்போதும் "நாங்கள் எல்லாரும் கிராண்ட்". அந்த ஊரில் கிராண்ட் என்றால் பிரமாதம் என்று பொருள் இல்லை. 'இருக்கிறோம், மேலே கேட்காதே' என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் என் கணவர் அதை மாமியின் குரலிலேயே வாசித்துக் காட்டுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். படித்து முடித்ததும் கொல்லைப்புறம் போய், பழுதே ஆகாத எதையாவது இரண்டு நாள் பழுது பார்த்துக்கொண்டிருப்பார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

2025 ஜனவரி 24-ஆம் தேதி அங்கே ஏயோவின் புயல் அடித்தது. கால்வே கடற்கரையில் மணிக்கு 183 கிலோமீட்டர், அந்த நாட்டில் அளந்த காற்றிலேயே அதுதான் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போனது. மாமியின் கடிதம் வந்தது. "வெள்ளிக்கிழமை இங்கே கொஞ்சம் காற்று. வைக்கோல் ஷெட்டின் தகரம் பக்கத்து வீட்டைப் பார்த்துவரப் போயிருக்கிறது" என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். பிறகு பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வீடியோ அனுப்பினான். 76 வயது மாமனார் ஏணி மேல் ஏறி அந்த ஷெட்டில் தகரம் அடித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் பன்னிரண்டு நாள் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லை என்றால் கிணற்று மோட்டாரும் இல்லை, தண்ணீரும் இல்லை. மாட்டுக்கு வாளியில் சுமந்திருக்கிறார்கள்.

என் கணவர் போன் செய்து கத்தினார். "யார் செத்தான் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். உங்களுக்கு ஒன்று என்றால் எழுத மாட்டீர்களா?" மாமனார் கோபமே இல்லாமல், "நீ அங்கிருந்து என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டார். இவர் போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து கடிதத்தைப் பிரிப்பதில்லை. மார்ச், ஏப்ரல், மே, ஜூன், நான்கும் கரண்ட் பில் வைக்கும் டிராயரில் கிடக்கின்றன. பேச்சு வார்த்தை எல்லாம் ஞாயிறு போனில் "ஓகே, ஓகே" என்பதோடு சரி. ஆனால் ஒன்று கவனித்தேன். தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன்பு அயர்லாந்தின் மரண அறிவிப்பு இணையதளத்தைத் திறந்து மேயோ பக்கத்தை மட்டும் பார்க்கிறார். சுரங்க முகாமிலும் பார்ப்பார் போல.

போன மாதம் அவர் சுரங்கத்தில் இருந்தபோது மே மாதக் கடிதத்தை நான் பிரித்துவிட்டேன்.

வருடாந்தர காசநோய்ப் பரிசோதனையில் இரண்டு மாடு தோற்றுவிட்டதாம். "செவ்வாய்க்கிழமை டாக்டர் கழுத்தில் ஊசி போட்டார், வெள்ளிக்கிழமை வந்து தடவிப் பார்த்தார், இரண்டுக்கு வீங்கியிருந்தது. ஒன்று 2018-இல் நீ வந்திருந்தபோது பிறக்கையில் கயிறு கட்டி இழுத்துப் போட்டாயே, அந்த வெள்ளை முகக்காரி" என்று எழுதியிருந்தார். மீதி மாடுகளை இப்போது விற்க முடியாது. தடை நீங்கியதும் இலையுதிர் காலச் சந்தையில் எல்லாவற்றையும் கொடுத்துவிடப் போகிறார்களாம். பிறகு இந்த வரிகள், அப்படியே மொழிபெயர்க்கிறேன்:

"உன் அப்பா வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். நிலம் யாருக்கு என்று முடிவு செய்தாக வேண்டுமாம். உன் அக்கா பெயரில் எழுதுவது சுலபம் என்கிறார். உன்னைக் கேட்கச் சொல்லி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிணற்று வயலில் ரோட்டோரமாக அரை ஏக்கர் உங்களுக்கு ஒரு வீடு கட்ட விட்டுவைக்கச் சொல்லலாமா என்று தோன்றியது. அவளுக்கு இந்த மழை பிடிக்காது என்று தெரியும். சும்மா எழுதினேன். நேற்று நல்ல வெயில்."

படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. அந்த 'அவள்' நான்தான். 2018-இலும் 2023-இலும் அங்கே போயிருக்கிறேன். ஆகஸ்டில்கூட ஸ்வெட்டர். மாமி என்னிடம் அதிகம் பேசியதே இல்லை. ஆனால் தினமும் ராத்திரி என் படுக்கையில், நான் போவதற்கு முன்பே, ஒரு வெந்நீர்ப் பை இருக்கும்.

நான் என்ன செய்ய வேண்டும்? பிரித்ததைச் சொன்னால் நம்பிக்கை போய்விடும். சொல்லாவிட்டால் நிலம் கைமாறிய பிறகு அவருக்குத் தெரியவரும். உண்மையைச் சொல்கிறேன் மேடம், இன்னொரு பயமும் இருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு "ஊருக்குப் போய்விடலாம்" என்று அவர் சொன்னால்? எனக்கு அங்கே வாழ முடியாது. அந்தப் பயத்தால்தான் மூன்று வாரமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேனோ என்று என் மேலேயே சந்தேகமாக இருக்கிறது.

பெயர் வேண்டாம், பெர்த்


பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தைப் பிரித்தது தப்புதான். (உங்கள் இடத்தில் நான் இருந்தால் மார்ச் மாதமே பிரித்திருப்பேன், அது வேறு விஷயம்.) அதைச் சொல்லிவிடுங்கள். சுரங்கத்திலிருந்து வந்த அன்று ராத்திரி வேண்டாம், தூங்கி எழுந்த அடுத்த நாள் சொல்லுங்கள். "மே மாதக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. இதோ" என்று கையில் கொடுத்துவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் வாயால் சொல்லாதீர்கள். சொன்னால் அது உங்கள் செய்தியாகிவிடும், கோபமும் உங்கள் பக்கம் திரும்பும். வெள்ளை முகக்காரி போய்விட்டாள் என்பதை அவர் தன் அம்மாவின் கையெழுத்தில்தான் படிக்க வேண்டும். அந்தப் பசுவை எதற்காகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார் என்பது உங்களையும் என்னையும்விட அவருக்கு நன்றாகப் புரியும்.

அவர் செய்தி வேண்டாம் என்று இருக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செய்தி வேண்டாதவர் எதற்கு ராத்திரி ராத்திரி மரண அறிவிப்பைப் பார்க்கிறார்? வீட்டார் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். அதனால் பொய் சொல்லாத ஓர் இடத்தில் தன் வீட்டுப் பெயர் வந்துவிட்டதா என்று சரிபார்த்துக்கொள்கிறார். கடிதம் டிராயரில் மூடிக் கிடக்கிறது, காவல் மட்டும் தினமும் நடக்கிறது. அது ரொம்பக் களைப்பான வேலை.

அந்த நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 1845-இல் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். 1841-இல் மேயோவில் 3.88 லட்சம் பேர் இருந்தார்கள், 2022-இல் 1.38 லட்சம். நூற்று எண்பது வருடமாக ஆளை அனுப்பிக்கொண்டே இருக்கிற மண் அது. அமெரிக்காவுக்குப் போகிறவனுக்கு முதல் நாள் ராத்திரி வீட்டில் விழிப்பு வைப்பார்கள். குடி, ஆட்டம், விடியும்போது ஒப்பாரி, எல்லாம் இழவு வீட்டில் செய்வது போலவே. உயிரோடு வாசலில் நிற்கிற பிள்ளைக்கு!

பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப ஆலோசகர் 1970-களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்தார். ஆள் இருக்கிறார், ஆனால் இல்லை. இழந்தாயிற்று, ஆனால் காரியம் செய்து முடிக்க வழி இல்லை. இந்த மாதிரி இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்றார். அவருடைய அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர். ஊரிலிருந்து கடிதம் வந்தால் நாள் கணக்கில் அப்பா மனம் சோர்ந்து கிடப்பார் என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் கணவர் கொல்லைப்புறத்தில் பழுது பார்த்த அந்த இரண்டு நாளும் அதுதான். அது நோய் இல்லை. தூக்கம் கெட்டு, குடி கூடி, பிள்ளைகளிடமும் பேச்சு நின்றால் மட்டும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். முகாம் வாழ்க்கையில் அது தெரியாமலேயே கூடும்.

இப்போது மாமனார் சொன்ன அந்த வாக்கியம். "நீ அங்கிருந்து என்ன செய்திருப்பாய்?" இதை உங்கள் கணவர் 'உன்னால் பிரயோசனம் இல்லை' என்று கேட்டிருக்கிறார். கோபமே இல்லாமல் சொன்னார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வார்த்தைக்கு நன்றி. ஏனென்றால் அதே வாக்கியத்துக்கு 'உன்னைத் தூங்கவிடாமல் செய்து எனக்கு என்ன லாபம்?' என்றும் பொருள் உண்டு. எது சரி என்று எனக்குத் தெரியாது, கிழவரைக் கேட்டால்தான் தெரியும். ஆனால் ஷெட்டின் தகரம் பக்கத்து வீட்டைப் பார்க்கப் போனதாக எழுதுகிற பெண்ணோடு ஐம்பது வருடம் குடித்தனம் செய்தவர் அவர். நம் ஊர் இன்லாண்ட் லெட்டரில் "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதிவிட்டு, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதை மூன்று மாதம் கழித்துச் சொல்வோமே, அதே வழக்கம்தான். பொய் சொல்கிறோம் என்று நாம் நினைத்ததே கிடையாது.

நிலத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஞ்சத்துக்கு முன்பு அங்கே நிலத்தைப் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். அது எதில் முடிந்தது என்று பார்த்த பிறகு, ஒரு பிள்ளைக்கு நிலம், மற்றவர்களுக்குக் கப்பல் டிக்கெட் என்று ஆயிற்று. யாருக்கு என்பதை அப்பா கடைசிவரை வாய் திறந்து சொல்ல மாட்டார். 1930-களில் கிளேர் கவுண்டிக்குப் போன இரண்டு ஹார்வர்ட் மானிடவியலாளர்கள், ஆரன்ஸ்பர்க்கும் கிம்பலும், நிலம் கைக்கு வராத நாற்பத்தைந்து வயது ஆளைக்கூட அந்த ஊரில் 'பையன்' என்றே கூப்பிடுவதைப் பார்த்து வியந்திருக்கிறார்கள். பேச்சை எடுப்பதே அபசகுனம் மாதிரி. இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. 2020 விவசாயக் கணக்கெடுப்பில் 1.35 லட்சம் பண்ணைகள். அவற்றை வைத்திருப்பவர்களில் மூன்றில் ஒருவர் 65-ஐத் தாண்டியவர், 35-க்குக் கீழே இருப்பவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான்.

ஆகவே உங்கள் மாமனார் மகனைக் கேட்கவில்லை, கேட்டால் அது 'திரும்பி வா' என்று கேட்பது போல ஆகிவிடும் என்று. மகனும் கேட்கவில்லை, கேட்டால் 'எனக்குப் பங்கு' என்று கேட்பது போல ஆகிவிடும் என்று. என் ஊகம் இவ்வளவுதான். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, நடுவில் ஒரு கிழவியை மாதா மாதம் மழையைப் பற்றி எழுத வைத்திருக்கிறார்கள்.

கடிதத்தைப் படித்த பிறகு அவர் உடனே போன் செய்ய நினைத்தால் தடுக்காதீர்கள். ஆனால் ஒன்று சொல்லிப் பாருங்கள். "ஏன் மறைத்தீர்கள்" என்பதில் ஆரம்பித்தால் மறுபடியும் "நீ என்ன செய்திருப்பாய்" என்பதில்தான் போய் முடியும். மாட்டிலிருந்து ஆரம்பிக்கட்டும். அடுத்த பரிசோதனை என்றைக்கு? (தடை நீங்க, குறைந்தது அறுபது நாள் இடைவெளியில் இரண்டு முறை மந்தை முழுக்கத் தேற வேண்டும்.) வெள்ளை முகக்காரி லாரியில் ஏறும்போது அப்பா பக்கத்தில் இருந்தாரா? அந்த வீட்டில் மனசைப் பற்றிப் பேச வேண்டுமானால் மாட்டைப் பற்றித்தான் பேச வேண்டும், வேறு வாசல் கிடையாது. பத்து நிமிடம் மாடு பேசிய பிறகு, "வக்கீலைப் பார்த்தீர்களாமே, அதை உங்கள் வாயால் கேட்க ஆசைப்படுகிறேன் அப்பா" என்று ஒரு வரி. நிலம் வேண்டும், வேண்டாம் என்று அன்றைக்கே பதில் சொல்ல வேண்டியதில்லை. அக்காவையும் அதே வாரத்தில் கூப்பிடட்டும். அவரிடம் யாராவது கேட்டார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நிலம் தலையில் வந்து விழுகிறவருக்கும் பயம் உண்டு. சாகஸ்க் என்ற அரசு விவசாய ஆலோசனை அமைப்பு, குடும்ப நிலத்தைக் கைமாற்றுவது பற்றி வக்கீல், கணக்கர் எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து முகாம்கள் நடத்துகிறது. அப்பாவும் அக்காவும் ஒரு நாள் போய்வந்தால் பாதி மூட்டம் கலையும்.

அடுத்து, உங்கள் பயம். மூன்று வாரம் வாயை மூடியிருந்ததற்கு அந்தப் பயமும் காரணம் என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். பலர் அதைக் கண்டுபிடிக்க என்னிடம் பத்துத் தடவை வருவார்கள். "அங்கே என்னால் வாழ முடியாது" என்பதை அவரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கடிதத்தைக் கொடுக்கிற அதே மூச்சில் சொல்லாதீர்கள். அவர் இன்னும் கேட்கவே இல்லை. போகலாமா என்று கேட்கும் நாள் வந்தால் அன்றைக்குச் சொல்லுங்கள், மழையை மட்டும் காரணமாகச் சொல்லாமல் முழுசாகச் சொல்லுங்கள். வருடா வருடம் இரண்டு வாரம் போவதா, இலையுதிர் காலத்தில் மாடுகளை ஏற்றும் அன்று அவர் மட்டும் அங்கே நிற்பதா என்று நடுவில் எத்தனையோ இருக்கின்றன. என்னைக் கேட்டால், அந்தச் சந்தை நாளுக்கு அவர் போவது நல்லது. வழியனுப்பக் கிடைக்கிற வாய்ப்பு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

ஒரு விஷயத்தில் நீங்கள் கணவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அரை ஏக்கரைப் பற்றிய கேள்வி உங்களைப் பற்றியது. "அவளுக்கு மழை பிடிக்காது என்று தெரியும், சும்மா எழுதினேன்" என்று கேட்டு முடித்து, அதை உடனே வாபஸும் வாங்கி, மேலே வெயிலைப் போட்டு மூடியிருக்கிறார். பேசாமல் படுக்கையில் வெந்நீர்ப் பை வைத்த அதே கை. மே மாதக் கடிதம் திறந்துவிட்டது என்று கணவருக்குத் தெரிந்த பிறகு, மாமிக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், கோடு போட்ட தாளில். வீடு கட்ட வருவோம் என்று பொய் சொல்ல வேண்டாம். கேட்டது காதில் விழுந்தது என்று தெரிந்தால் போதும். கிணற்று வயல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள். உங்கள் ஊர் வயல்களுக்கும் பெயர் இருக்குமே, அதையும் எழுதுங்கள். வெந்நீர்ப் பைக்கு நன்றி சொல்லவே இல்லை என்றால் அதற்கும் ஒரு வரி.

ஜூன் மாதக் கடிதத்தை மட்டும் தொடாதீர்கள், அதை அவர் பிரிக்கட்டும்.

முதல் வரி என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டாம். பெர்த்திலும் இப்போது மழைக்காலம்தானே, அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.